ஊறவைத்த ஒடியல் மா



பிள்ளைகளுக்கு நஹ்வும் ஃபிக்ஹும் ஓதிக்கொடுக்கிற ஒரு மௌலவிக்குச் சமையலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். நாற்பத்தைந்து வயது வரைக்கும் அடுப்படிக்குள் போய் ஒரு தேநீர்கூடப் போட்டுக் குடித்தவனில்லை நான். வைத்ததைச் சாப்பிடுவேன், உப்புக் குறைந்தால் மட்டும் வாய் திறப்பேன். அப்படிப்பட்டவன் சென்ற விடுமுறையில் உம்மாவைக் கூட்டிக்கொண்டு கீரிமலைக்குப் போய்வந்தபிறகு ஒரு கொப்பி வாங்கி, அதில் கூழ் காய்ச்சுகிற முறையை எழுதத் தொடங்கியிருக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கீரிமலை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயரில்தான் மலை. போய்ப் பார்த்தால் கடலோரத்தில் கொஞ்சம் மேட்டு நிலம், அவ்வளவுதான். அங்கே உப்புக் கடலுக்கு அருகிலேயே, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம், நல்ல தண்ணீர் ஊறுகிறது. குடாநாட்டின் நிலம் முழுவதும் சுண்ணாம்புக் கல். பெய்கிற மழை அந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, நிலத்துக்கு அடியிலேயே வந்து, கடலைத் தொடும் இடத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு மறைப்புள்ள வேறொரு கேணி. இந்து மக்களுக்கு அது புனிதத் தீர்த்தம். பக்கத்தில் நகுலேஸ்வரம் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசையில் இறந்துபோன தகப்பன்மாருக்காகக் கடமை செய்ய ஊரே அங்கு திரளும். யாழ்ப்பாணம் சோனகதெருவிலிருந்து போகிற எங்களுக்கு அது ஆசைதீரக் குளிக்கிற இடம்.

சிறு வயதில் இரண்டே முறை போயிருக்கிறேன். வாப்பா மர்ஹூம் தையற்கடை வைத்திருந்தார். பெருநாள் தையல் எல்லாம் முடிந்து கை ஓய்ந்ததும் ஒரு வான் பிடிப்பார். மாமிமார், சாச்சிமார், ராத்தாமார் எல்லோரும் ஏறுவார்கள். கூடவே ஒரு பெரிய பானை, அகப்பை, அரைத்த கூட்டு, ஒரு கடகம் நிறைய மரக்கறி. மீனை வழியில் வாங்கிக்கொள்வோம். குளித்து முடித்தால் வயிறு எப்படிப் பசிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பூவரச மரத்தடியில் மூன்று கல் வைத்து உம்மா கூழ் காய்ச்சுவார்கள். பலா இலையைக் கோலி ஈர்க்கால் குத்தி ஆளுக்கொரு கிண்ணம். கூழ் ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வது என் வழக்கம். மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒழுகும். அது உறைப்பால்.

கடல்கடந்த வாசகிகளுக்குக் கூழ் என்றால் கேப்பைக் கூழ் ஞாபகம் வரும். இது வேறு. பனங்கொட்டையை மண்ணில் புதைத்தால் கிழங்கு விடுமல்லவா? அந்தப் பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் அதற்குப் பெயர் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அதைக் கடித்துத் தின்னலாம், பல் நன்றாக இருந்தால். ஒடியலை இடித்து மாவாக்கி, அந்த மாவைக் கரைத்து விட்டுத்தான் கூழைத் தடிப்பாக்குவார்கள். உள்ளே பல வகைச் சின்ன மீன், இறால், கணவாய், பயிற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கையிலை, ஒரு பிடி அரிசி, அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளி. ஊரார் நண்டும் போடுவார்கள். நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபுக்காரர்கள். நண்டு பற்றிக் கருத்து வேறுபாடு இருப்பதால் எங்கள் வீட்டில் அதைத் தவிர்த்துவிடுவோம். (உங்களில் ஹனஃபி வீட்டார் இறாலைப் பற்றிக் கேட்கத் தொடங்குவீர்கள். அது வேறு பாடம்; இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோம்.)

யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அது பெரிய ஆறு இல்லாத நாடு. கிணற்றை நம்பித்தான் தோட்டம். நெல் விளைகிறது, ஆனால் மழையை நம்பி. அப்படியான மண்ணில் மனிதருக்கு அல்லாஹ் கொடுத்தவை மூன்று: தலைக்கு மேலே பனை, சுற்றிலும் கடல், கிணற்றடியில் வெங்காயமும் மிளகாயும். எங்கள் பெண்கள் அந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் மாதக்கணக்கில் அலுக்காமல் சமைத்தார்கள்.

காலையும் இரவும் பெரும்பாலும் மாச்சாப்பாடு. பிட்டு, இடியப்பம், தோசை. பிட்டைக் குழலிலும் அவிப்பார்கள். ஆனால் உம்மா நீத்துப்பெட்டியை விடமாட்டார்கள். பனையோலையில் கூம்பாகப் பின்னிய பெட்டி அது. பானையின் வாயில் வைத்து அவித்தால் ஓலையின் வாசனை மாவில் ஏறிவிடும். வறுத்த அரிசிமாவில் பிட்டு, குரக்கன் மாவில் பிட்டு, ஒடியல் மாவிலும் பிட்டு. இடியப்பத்துக்குச் சொதி. தேங்காய்ப் பாலில் பச்சைமிளகாய், வெங்காயம், கொஞ்சம் மஞ்சள் போட்டு, பால் திரையாமல் துழாவி, இறக்கியபிறகு தேசிக்காய் பிழிவது. கொதிக்கும்போது புளி விட்டுவிட்டால் சொதி திரைந்துபோகும். எனக்கு இது இப்போதுதான் தெரியும். உங்களில் பலருக்குப் பத்து வயதிலேயே தெரிந்திருக்கும்.

மத்தியானம் சோறு. சோற்றுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு கறிக்கும் ஓர் இடம் உண்டு. தூள் போட்ட குழம்பு ஒன்று, தூளே இல்லாத பால்கறி ஒன்று, ஒரு வறை, ஒரு பொரியல், கடைசியில் சொதி. வறை என்பது தேங்காய்ப்பூ சேர்த்துச் சுண்டவைப்பது. முருங்கையிலை வறை, பயிற்றங்காய் வறை, அவித்து உதிர்த்த சுறா வறை. இறைச்சியென்றால் தண்ணீர் வற்றப் பிரட்டல். எல்லாவற்றுக்கும் உயிர் தூளில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘மிளகாய்த்தூள்’ என்று கேட்டால் வெறும் மிளகாயை அரைத்துத் தரமாட்டார்கள். செத்தல், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வேறு வேறாக வறுத்து ஒன்றாக இடித்ததுதான் அங்கே மிளகாய்த்தூள். வறுப்பில் ஒரு நிமிடம் கூடினால் கருகும். குறைந்தால் பச்சை வாடை அடிக்கும். உரலில் இடிக்கிற நாளில் தெருவே தும்மும்.

இந்த மிளகாயைப் பற்றிச் சின்னதாக ஒரு கதை. உஸ்மானியர் வரலாற்றை நான் மாணவர்களுக்கு நடத்துவதுண்டு. அவர்கள் 1541-ல் ஹங்கேரி நாட்டின் புதா நகரைப் பிடித்து 1686 வரை ஆண்டார்கள். அந்த நாட்டுச் சமையலுக்கு இன்று பேர் வாங்கிக் கொடுக்கிற பப்ரிகா என்ற சிவப்பு மிளகாய்த்தூள், துருக்கியர் வழியாகத்தான் அங்கே போனது என்பது பொதுவான கருத்து. பழைய நாளில் அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயரே ‘துருக்கி மிளகு’. பப்ரிகா என்ற சொல்லின் வேரும் மிளகுதான். நம் மிளகாயைப் பாருங்கள்: மிளகு, காய்! அமெரிக்கக் கண்டத்துச் செடியொன்று அங்கே துருக்கியரோடும், நம் பக்கம் போர்த்துக்கீசரோடும் வந்து, இரண்டு இடத்திலும் மிளகின் பெயரையே வாங்கிக்கொண்டு மிளகை மூலையில் தள்ளிவிட்டது. போர்த்துக்கீசர் இலங்கைக்கு வந்தது 1505-ல். யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1619-ல். ஹங்கேரியில் ஆற்றங்கரை மீனவர்கள் வெட்டவெளியில் கொப்பரை வைத்து, பல வகை மீனும் வெங்காயமும் பப்ரிகாவும் போட்டுச் சிவக்கச் சிவக்க ஒரு சாறு காய்ச்சுவார்களாம், பெயர் ‘ஹலாஸ்லே’. மாடு மேய்ப்பவர்கள் இறைச்சியில் காய்ச்சுவது ‘குயாஷ்’. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன், “ஹஸ்ரத், அது ஒடியல் மா போடாத கூழ்தானே?” என்றான். கெட்டிக்காரன். ஆனால் அவர்கள் பன்றிக் கொழுப்பில் வதக்குகிற வழக்கமுள்ளவர்கள் என்பதையும் அவனுக்குச் சொல்லி வைத்தேன்.

மிளகாய் வருமுன் எங்கள் பாட்டிமார் எப்படிச் சமைத்திருப்பார்கள்? பிள்ளைப்பேற்று வீட்டுக்குப் போனால் அதன் ருசி தெரியுமென்று நான் நினைக்கிறேன். பெற்றவளுக்கு மிளகாய்த்தூள் கிடையாது. மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்த சரக்குக் கறிதான். சின்ன மீன் அல்லது இளம் கோழி. பால் ஊறச் சுறா வறை. வீட்டில் மற்றவர்களும் அந்தச் சட்டியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். உம்மா என் தங்கையைப் பெற்றபோது நான் களவாக ஒரு கவளம் தின்று உம்மம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

பனையின் பக்கம் போனால் கதை நீளும். பனம்பழத்தைப் பிழிந்து பணியாரம், அதே களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்துப் பனாட்டு, பதநீர் காய்ச்சிப் பனங்கட்டி. நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பத்தை ஊருலகமெல்லாம் கித்துள் கருப்பட்டியில் செய்யும். உம்மா பனங்கட்டியில் செய்வார்கள். நிறம் கொஞ்சம் மட்டுத்தான். ஆனால் அந்த ருசி...! கலியாண வீடென்றால் நெய்ச்சோறும் இறைச்சியும் சஹனில் வரும். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காருவார்கள். ஏலம், கறுவா, ரம்பை வாசம் எல்லாம் அன்றைக்குத்தான். மற்ற நாட்களில் எங்கள் அடுப்பும் பக்கத்துத் தெரு இந்துக்களின் அடுப்பும் ஒரே வாசனைதான் வீசும்.

1990 ஒக்டோபர் 30 செவ்வாய்க்கிழமை காலை, உம்மா ஒடியல் மாவை ஊறப்போட்டிருந்தார்கள்.

இரண்டு மணி நேரத்தில் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நகையும் பணமும் பொருளும் அங்கேயே விடப்பட்டன. வடமாகாணம் முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் வெளியேறியவர்கள் சுமார் 75,000 பேர். எனக்குப் பத்து வயது. அந்த நாளின் பெரிய விஷயங்களைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சின்ன விஷயம் இது: உம்மா வாசலைத் தாண்டியபிறகு திரும்பி உள்ளே ஓடினார்கள். வாப்பா சத்தம் போட்டார். எதையாவது எடுத்துவரப் போகிறார்கள் என்று நினைத்தோம். வெறுங்கையோடு வந்தார்கள். மாவின் மேல் நின்ற தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு, மூடி வைத்துவிட்டு வந்தார்களாம். பின்னேரம் திரும்பி வந்தால் கைக்குமே என்று!

புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் வளர்ந்தோம். புத்தளத்து மக்கள் சோறு தந்தார்கள், நிலம் தந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்குக் கூலி கொடுப்பான். நான் அங்கேயே அரபுக் கல்லூரியில் ஓதி, அங்கேயே ஓதிக்கொடுக்கத் தொடங்கி, அந்த மண்ணிலேயே பெண் எடுத்தேன். என் மனைவியின் மீன் ஆணம் மிக நன்றாக இருக்கும்; எழுதிவிடுகிறேன், வீட்டிலும் இந்த இதழைப் படிப்பார்கள். ஆனால் உம்மா முப்பது வருடத்துக்கு மேலாகக் கூழ் காய்ச்சவில்லை. ஒடியல் மா கிடைக்காததால் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். பாதை திறந்தபிறகு யாரோ இரண்டு தடவை கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு தடவையும் உம்மா அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது உம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. கண் மங்கிவிட்டது. பெயர்கள் மறக்கின்றன. சென்ற வருடம் ஒருநாள் என் மகள், “உம்மம்மா, கூழ் எண்டா கஞ்சியா?” என்று கேட்டாள். உம்மா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கீரிமலைக்குப் போவமா?” என்றார்கள்.

கீரிமலையும் எங்களைப் போலத்தான். அதே 1990-ல், எங்களுக்குச் சில மாதங்கள் முந்தி, போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினார்கள். அவர்களின் ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 2009-ல் போர் முடிந்தபிறகு, காணிகள் பகுதி பகுதியாகத்தான் விடப்பட்டன. கேணிக்குப் போகிற வழியில் கூரையில்லாத வீடுகளை இன்னும் கண்டோம். சுவருக்குள் ஆலமரம் முளைத்து நிற்கிறது.

உம்மாவும் என் மனைவியும் மகளும் பெண்கள் கேணிக்குப் போனார்கள். நான் ஆண்கள் பக்கம் இறங்கினேன். தண்ணீர் அன்றிருந்த மாதிரியே இருந்தது. திரும்பி வந்தால் உம்மா, தலை ஈரத்தோடு, வழியோரத்தில் புழுக்கொடியலும் ஒடியல் மாவும் விற்கிற ஓர் அம்மாவோடு வாக்குவாதத்தில் இருக்கிறார்கள். கூழுக்கு அரிசி போடுவதா, போடாமல் விடுவதா என்பது வழக்கு. அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கீரிமலைதான் சொந்த ஊர். முகாமில் பல வருடம் இருந்து திரும்பியவர். தாயை முகாமிலேயே அடக்கம் செய்ததாகச் சொன்னார். “வந்து பாத்தா வீடுமில்லை, அம்மான்ர அம்மியுமில்லை. கிணறு மட்டும் கிடந்தது” என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, நீங்கள் சோனகதெரு ஆக்களெண்டு அம்மா சொன்னவ. இருங்கோ. நல்லகாலம் நேற்று வரேல்லை. வெள்ளியெண்டா எங்கட வீட்டில மீனில்லை. இண்டைக்குக் காய்ச்சுவம்” என்றார். நான் தயங்கினேன். அவர் புரிந்துகொண்டதுபோல், “நண்டு போடமாட்டன் தம்பி. எனக்குத் தெரியும்” என்றார். 1990-க்கு முன் பழகிய யாரிடமிருந்தோ அதைத் தெரிந்து வைத்திருக்கிறார். யாரிடமிருந்து என்று நான் கேட்கவில்லை.

உம்மாவின் கண்ணுக்கு மாவும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. ஆனால் கைக்குத் தெரிந்தது. சட்டிக்குள் கையை விட்டு அளைந்து, மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரைச் சரித்து ஊற்றச் சொன்னார்கள். என் மகள் ஊற்றினாள். “இன்னும் தண்ணி விடு, மகள்.” திரும்பவும் படிய விட்டு, திரும்பவும் ஊற்றி... எத்தனை தரம் என்று நான் எண்ணத் தொடங்கியது அப்போதுதான். புளி எவ்வளவு என்று கேட்டேன். “தேசிக்காய் அளவு” என்றார்கள் உம்மா. “சின்னத் தேசிக்காயா, பெரிசா?” என்று மகள் கேட்டாள். இரண்டு கிழவிகளும் ஒரே நேரத்தில் இரண்டு பதில் சொன்னார்கள். அவர் சின்னது என்றார்; உம்மா பெரியது என்றார்கள். அரிசி ஒரு பிடி என்றால் யாருடைய பிடி? மகளின் கையைப் பிடித்து உம்மா தன் கைக்குள் வைத்து அளந்து காட்டினார்கள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் நான் எழுதினேன். இடம் போதவில்லை.

இங்கே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் உம்மாவுக்கும் மாமிக்கும் இப்படி ஏதாவது கையளவு இருக்கும். தூள் வறுக்கிற பதமோ, பிள்ளைப்பேற்றுச் சரக்கின் சேர்மானமோ, எதுவாகவும் இருக்கட்டும். கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பத்து வருடம் முந்திக் கேட்டிருந்தால் உம்மம்மாவின் பனங்காய்ப் பணியாரமும் கொப்பியில் இருந்திருக்கும். அது உம்மாவுக்கே இப்போது பாதிதான் ஞாபகம்.

கூழ் கொதித்தது. ஒடியல் மாவைக் கரைத்து விட்டதும் நிறம் மாறித் தடித்தது. அந்த அம்மா பலா இலை தேடிப் போய்க் கிடைக்காமல், பனையோலையில் பிளா கோலிக் கொடுத்தார். உம்மா ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார்கள். நாங்கள் எல்லோரும் அவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“கைக்குது” என்றார்கள். “ஒரு தண்ணி குறைஞ்சு போச்சு.”

அந்த அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. “அது ஒடியலின்ர குணமணை. கொஞ்சம் கைச்சாத்தான் கூழ்” என்றார். உம்மா மறுபடி பிளாவை நீட்டினார்கள். மகள் இரண்டாம் வாயிலேயே கண்ணீர் வடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள். பிறகு அவளும் பிளாவை நீட்டினாள்.

புறப்படும்போது இரண்டு கிலோ ஒடியல் மா வாங்கினோம். காசு வாங்க மாட்டேன் என்றார். உம்மா அதட்டி வாங்கவைத்தார்கள். பஸ் கிளிநொச்சி தாண்டியபோது இருட்டிவிட்டது. உம்மா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி மாப்பொதியை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை தரம் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். டிக்கெட்டைப் பார்த்து மூன்று என்றேன்.

கண்ணைத் திறக்காமலே உம்மா சொன்னார்கள்: “நாலு.”